வியாழக்கிழமையின் ஸ்ட்ரிப்

ஐம்பது ஸ்ட்ரிப். ஒரு குப்பி.
நாளுக்கு நாலு தரம் பார் என்று
கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியிருக்கிறார்.
வீட்டுக் கணக்கில்
மூன்று மாதத்துக்கு ஒரு குப்பிதான் நிற்கும்.
கணக்கு எனக்கு வரும்.
தையல் ஆலையில் தரம் பார்க்கிறவள்,
அங்குலத்துக்கு எத்தனை தையலென்று
பதினொரு வருஷமாய் எண்ணுகிறேன்.

ஆக, ஒரு நாள் அறிவேன்.
மறுநாள் ஊகிப்பேன்.

இன்சுலினை ஆஸ்பத்திரி சும்மா தருகிறது.
எத்தனை அலகு போடுவதென்று சொல்கிற துண்டை
நான் வாங்க வேண்டும்.
மருந்து இலவசம். கண் விலைக்கு.

ஊகிக்கும் நாட்களில்
நாக்கின் வறட்சியை வைத்து ஓர் எண் சொல்வேன்.
பாதம் எரிந்தால் ஐம்பது கூட்டுவேன்.
கை நடுங்கினால் கழிப்பேன்,
சில வேளை அது வெறும் பயம்தான் என்றாலும்.
வெள்ளைத் துணி வரும் கிழமையில்
இடக்கை விரல்களைக் குத்துவதில்லை.
ஒருமுறை ஒரு கொலரில் கடுகளவு சிவப்பு விழுந்து
முழுக் கட்டும் திரும்பி வந்தது.

ஆலை எங்களுக்குக் காப்புறுதி போட்டிருக்கிறது.
பில் வைத்து அனுப்பினேன்.
'மருந்து அல்ல, உபகரணம்' என்று வந்தது.
மறுபடி அனுப்பினேன்.
'வைத்தியரின் கடிதம் தேவை.'
கடிதத்தோடு அனுப்பினேன்.
'கடிதத்தில் முத்திரை தெளிவில்லை.'

நாலாம் தரம் பில் வைக்கவில்லை.
பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டேன்.
பாவித்த ஸ்ட்ரிப்புகளைத் திகதிவாரியாக ஒட்டினேன்,
காய்ந்த ரத்தமும் அதன் கீழே எண்ணுமாக.
பார்க்காத நாட்களுக்கு வெற்றுக் கட்டம்.
புதன்கிழமை அரைநாள் லீவு.
பாண்டிருப்பிலிருந்து கல்முனைக் கிளைக்கு
நடந்தே போனேன். வெயில் என்றால் வெயில்.

மேசைக்குப் பின்னால் ஜௌசி என்றொரு தம்பி.
தாளை விரித்தான்.
மின்விசிறிக் காற்றில் அது எழும்ப
ஸ்டேப்ளரைத் தூக்கி மூலையில் வைத்தான்.
ஒட்டியவற்றை அவன் பார்க்கவில்லை.
வெறுமையில் விரல் வைத்தான்.
"இந்தப் பதினாலாந் திகதி என்னக்கா, ஒண்டுமில்ல?"

"அண்டைக்குத்தான் பஸ்ஸுக்குள்ள விழுந்த நான்.
ஆரோ சோடா வாங்கித் தந்தாங்க.
எண் எத்தனையெண்டு எனக்கும் தெரியாது."

மனேஜரின் கதவை ஒருதரம் பார்த்தான்.
குரல் இறங்கியது.
"வெறும் வயித்துல நூத்தி எம்பத்தாறெண்டா
கூடவாக்கா?"
"ஆருக்கு?"
"எனக்குத்தான். போன நோன்புக்கு முந்திப் பாத்த.
பிறகு பாக்கல்ல."
"காப்புறுதிக் கொம்பனியில வேலை.
உங்களுக்குக் கட்ட மாட்டாங்களா தம்பி?"
சிரித்தான்.
"உபகரணம்."

கைப்பைக்குள் மீற்றர் இருந்தது.
குப்பியில் இரண்டு:
ஒன்று வியாழனுக்கு, ஒன்று சனிக்கு.
திங்கள்தான் சம்பளம்.
இரண்டு தரம் எண்ணினேன், கூடவில்லை.
கையை நீட்டச் சொன்னேன்.

புது ஊசி போட்டுக் குத்தினேன்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், சின்னப் பிள்ளை மாதிரி.
மீற்றர் ஐந்திலிருந்து கீழே எண்ணியது.
அந்த ஐந்து நொடி எனக்குப் பழக்கம்.
பக்கத்தில் இன்னொருவர்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் புதிது.

வந்த எண்ணை நான் சொல்ல மாட்டேன்.
அது அவனுடையது.

வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
என் தாளில் ஒரு கோப்பு இலக்கம் எழுதினான்.
முத்திரையை மையில் இருமுறை ஒற்றி
அழுத்திக் குத்தினான்.
இம்முறை தெளிவாய் விழுந்தது:
பரிசீலனையில்.

இன்று வியாழன்.
குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு
நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்க்கிறேன்.
நூற்று நாற்பது இருக்கும்.
இருக்க வேணும்.