இடது உள்ளங்கை

குஷிரோவில் கோடை என்பது
மூடுபனிக்கு இன்னொரு பெயர்.
காகித ஆலையின் புகைபோக்கி இடுப்போடு நின்றுவிடும்.
மேல்பாதி இருக்கிறதென்று நம்பித்தான்
நாங்கள் வேலைக்குப் போகிறோம்.

குஜிராய் காகிதச் சுருள்களை எடை போடுபவன்.
நான் அவற்றை லாரியில் ஏற்றுபவன்.
நாலரை மணிச் சங்குக்குப் பிறகு
ஆலை அணிக்காக
அவன் எறிவான், நான் பிடிப்பேன்.
பதினோரு வருடமாக
எங்களுக்குள் பேச்சு என்றால் அதுதான்.

பிறகொரு ஏப்ரலில்
பந்து அவன் சொல் கேட்காமல் போனது.

தோளில் வலி இல்லை.
முழங்கைப் படத்தில் ஒரு கீறலும் இல்லை.
எவன் தாடையையும் பெயர்த்த பழி இல்லை.
காரணம் என்று ஒன்று இருந்திருந்தால்
அதையாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.
மேட்டிலிருந்து என்னிடம் வர
ஒன்றரைப் பேருந்து நீளம்.
அதற்குள் வழி தவறியது பந்து.
என் தலைக்கு மேலே, பின்வலைக்கு,
ஒருமுறை
எதிரணியின் தேநீர்க் குடுவைக்கு.

ஆளுக்கொரு வைத்தியம்.
காலை அரையடி தள்ளி வை.
மூச்சை எண்ணு.
கணக்குப் பிரிவு அம்மாள்
காலணிக்குள் போட உப்பு கொடுத்தாள்.
மேலாளர் தோகிதா
"யோசிக்காதே" என்றார்.
அதைப் பற்றி மூன்று வாரம் யோசித்தான்.

நான் எதுவும் சொல்லவில்லை.
என் இடது கை மட்டும்
நாளுக்கு நாள் ஆறிக்கொண்டு வந்தது.
ஆள்காட்டி விரலின் வீக்கம் வடிந்தது.
உள்ளங்கை குமாஸ்தாவுடையதைப் போல்
மெத்தென்று ஆனது.
குளியலறையில் அதைப் பார்க்க
வெட்கமாக இருந்தது எனக்கு.

இரண்டாம் வருட ஜூன் கடைசியில்
பனி மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்ட மாலை.
மற்றவர்கள் மட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
மேடு தெரியவில்லை.
மேட்டில் அவன் தெரியவில்லை.
"இருக்கிறாயா?"
கையுறைக்குள் முட்டியால்
இரண்டு குத்து குத்தினேன்.

துறைமுகத்தில் பனிக்கொம்பு ஒருமுறை முனகியது.

வெள்ளைக்குள்ளிருந்து
ஒரு வெள்ளை கழன்று வந்தது.
பிடித்தேன் என்று சொல்ல மாட்டேன்.
கை இருந்த இடத்துக்கு
அது தானே வந்து சேர்ந்தது,
காய்ந்த பலகை பிளக்கிற சத்தத்தோடு.

அந்தச் சத்தத்தை
இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தோம்.
"இன்னொன்று" என்றது பனி.

முப்பத்தொரு பந்து.
நான்குதான் தப்பின.
அவற்றைத் தேட
மறுநாள் விடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் ஹகொதாதே ரயில்வே அணி வந்தது.
வெயில்.
எல்லாம் தெரிந்தது, அதுதான் பயம்.
ஏழாவது சுற்றில் அவனை மேட்டுக்கு அனுப்பினார் தோகிதா,
வேறு ஆள் இல்லாததால்.
முதல் பந்து வலைக்கு.
இரண்டாவது மண்ணுக்கு.
நாற்பது பேர் கூட்டத்தில்
எவனோ இருமுவதுபோல் சிரித்தான்.
முதல் ஆள் அடிக்காமலே நடந்து போனான்.

எழுந்து போய் அவனிடம் பேசியிருக்கலாம்.
பேசி என்ன?
உட்கார்ந்த இடத்திலிருந்தே
கையுறையில் இரண்டு குத்து.

குஜிராயின் முகம் மாறவில்லை.
கண்ணையும் மூடவில்லை.
விரல்கள் மட்டும் பந்தைத் திருப்பித்
தையலைத் தேடி எடுத்தன,
இருட்டில் சட்டைப் பொத்தானைத் தேடுவதுபோல்.

அடுத்தவன் தரையோடு உருட்டினான், இருவர் அவுட்.
அதற்கடுத்தவன்
மட்டையைத் தோளில் வைத்தபடி
மூன்றாவது ஸ்ட்ரைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
நடுவர் கை உயர்த்துவதற்கு முன்பே
என் உள்ளங்கை தீர்ப்பு சொல்லிவிட்டது.

ஆட்டம் தோற்றோம். நான்குக்கு இரண்டு.
திரும்பும் பேருந்தில் அவன்
அவித்த முட்டையை உரித்து உரித்துத் தின்றான்.
உப்பு கேட்டான்.
காலணியில் இருக்கிறதே என்றேன்.

இரவுச் சாப்பாட்டில்
சோற்றுக் கிண்ணத்தை மேசையிலேயே வைத்துக்
குனிந்து தின்றுகொண்டிருந்தேன்.
"கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடணும் அப்பா"
என்று அதட்டினாள் ஆறு வயது கொயுகி.

ஏந்த முடியவில்லை மகளே.
பார், விரல் எப்படி வீங்கியிருக்கிறது.