ஏழாவது மணி

எமில்டா மச்சாள் கேட்காமலே சேர்த்துவிட்டா.
ஒரு வியாழக்கிழமை, மில்லில் நெல் நிறுத்துக்கொண்டிருந்தேன்,
போன் இடுப்பில் பதினேழு தரம் அதிர்ந்தது.
ரோசாப்பூப் படங்கள், யாருக்கோ பிறந்தநாள் கேக்,
லூர்து மாதாவின் காலடியில் மெழுகுதிரி ஆடுகிற வீடியோ.
வெளியேறலாம் என்று விரலை வைத்தேன்.
விரலில் உமித்தூசி. திரை கேட்கவில்லை.

இரவு எட்டு நாற்பதுக்குச் செபமாலை.
இரணைப்பாலையில் அந்நேரம் நாய்களும் ஓய்ந்துவிடும்.
அரிசிப் பீப்பா மேல் சுண்டு, சுண்டின் மேல் போன்,
அந்த உயரத்தில்தான் சிக்னல் இரண்டு கோடு நிற்கும்.
டேற்றா காட் போடுகிற கிழமை மீன் ஒருநாள் குறையும்.
பிரம்டனில் எமில்டாவுக்குக் காலை, பனி வழிக்கிற சத்தம்.
லியோனில் நீக்கிலாஸ் அண்ணைக்குப் பின்னேரம்.
நெடுங்கேணி வொலன்ரீனா டீச்சர்
மந்திரத்தை ஓட்டோ போல விரட்டுவா.
எண்பத்தாறில் போனவர்கள் இன்னும் "கர்த்தர் உம்முடனே" என்கிறார்கள்,
நாங்கள் "ஆண்டவர்" என்று மாறி எவ்வளவு காலம்.
இரண்டும் நடுவழியில் முட்டி
ஒரு கணம் யாருமே முன்னால் போகமாட்டார்கள்,
வரம்பில் எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் போல.

கோயில் எனக்குத் தூரமில்லை. வேலிக்கு அங்கால் மணி கேட்கும்.
ஞாயிறு பூசைக்குப் போகிறேன், கடைசி வாங்கு, தூணோரம்.
ஆனால் சுவாமியின் மேசையில், நூலில் கட்டிய பேனையோடு,
பூசைக் கருத்து எழுதுகிற கொப்பி இருக்கிறது.
இரண்டே நிரல்:
உயிரோடிருப்போர்.
மரித்தோர்.
ஒவ்வொரு நவம்பரும் பேனை என் கைக்கு வரும்.
பின்னால் வரிசை இருமும்.
"எழுதுங்கோ பிள்ளை" என்பார் மூப்பர்.
கிளெமன்ரின் பெயரை எதில் எழுத?
ஒருமுறை நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.
எழுதி அடித்துவிட்டது போல் இருந்தது.

இங்கே நிரல் இல்லை.
செபம் தொடங்க முதல் ஆளாளுக்குப் போடுவார்கள்:
மகனின் விசாவுக்காக. அப்பாவின் கிட்னிக்காக.
நாளைய சோதனைக்காக, கணிதம், தயவுசெய்து.
நான் "ஒருவருக்காக" என்று போட்டேன்.
ஆறு வருசமாக அதே சொல்.
யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை.
எமில்டாவுக்குத் தெரியும், அவவின் தம்பிதானே.
அவவும் "ஒருவருக்காக" என்றுதான் போடுவா.
பிழையாய் இரண்டு தரம் வந்ததென்று
மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

சண்டையும் உண்டு.
பெருநாள் காசுக் கணக்கில் றெஜினோல்ட் கோபித்து
"வெளியேறினார்" என்று சாம்பல் எழுத்தில் விழுந்தது.
மூன்றாம் நாள் உள்ளே.
உயிர்த்தெழுந்தார் என்று ஒருவர் சிரிப்புப் போட
மறுபடி சண்டை.
இதைப் பார்க்கவும்தான் இருக்கிறேன் போல.

நாலாம் பத்தில் ஏழாவது மணி நீக்கிலாஸ் அண்ணையுடையது.
போன வருசம் அவருக்குத் தொண்டையை வெட்டி எடுத்தார்கள்.
இரண்டு மாதம் கழித்து வந்தார்.
ஆறாவது முடிய டீச்சர் நிறுத்தினா. அந்த டீச்சர்!
மைக் திறந்திருந்தது.
கழுத்துத் துளையில் காற்று போய் வருகிற சத்தம்,
தூரத்தில் ஒரு ட்ராம்.
ஒரு அரை மந்திரம் சொல்லுகிற நேரம்.
பிறகு நாங்கள் மறுபாதியை எடுத்தோம்.
யாரும் பேசி வைக்கவில்லை. அன்றையிலிருந்து அப்படித்தான்.

"பக்கத்தில கோயில வச்சுக்கொண்டு ஏனக்கா போனில?"
மில்லில் தர்சிகா கேட்டாள்.
மூட்டையைத் தராசில் ஏற்று என்றேன்.

நேற்று மழை.
ஏழாவது மணியில் அமைதி வந்தது. நீண்டது.
இணைப்பு அறுந்துவிட்டதா, அண்ணையின் முறையா,
இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.
மணியை விரலில் பிடித்தபடி நின்றேன்.
தகரத்தில் மழை. பீப்பாவுக்குள் வண்டு.
திரையைப் பார்க்கவில்லை.
பார்த்தால் தெரிந்துவிடும்.