எறிந்த துண்டு

பள்ளத்தூர் கறிக்கடையில் இருபத்தாறு வருஷம்.
ஈரலைக் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் பார்ப்பேன்.
அழுத்தினால் எழும்பி வருவது தராசுக்கு.
விரலுக்கடியில் நீர்க்கொப்புளமாய் வழுக்குவதை
அரிந்து வாசலுக்கு எறிவேன்.
வெள்ளைக்கால் நாய்
அதை மண்ணில் விழவிடாது.

சுத்தமான வியாபாரம்.
ஒரு வீட்டுக்கும் அந்தத் துண்டு போனதில்லை.

காரைக்குடி ஸ்கேன் அறையில்
வயிற்றில் குளிர்ந்த பசை தடவி
டாக்டர் உமையாள் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"வலப்பக்க ஈரல். ஒன்பது சென்டிமீட்டர்.
இரட்டைச் சுவர், உள்ளே தண்ணீர்.
தொழில் என்ன?"
சொன்னேன்.
"நாய் இருக்கா?"
"என்னோடது இல்ல. கடையோட கிடக்கும்."

மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்தார்.
ஆட்டிலிருந்து நாய்க்கு,
நாயிலிருந்து புல்லுக்கு,
புல்லிலிருந்து ஆட்டுக்கு.
வட்டத்தின் ஓரத்தில் ஒரு கை.
நாயைத் தடவிவிட்டு
அப்படியே வெற்றிலை மடித்த கை.
என் பற்று நோட்டில்
இவ்வளவு சரியான கணக்கு ஒன்றுகூட இல்லை.

"கத்தி வைக்கணுமா?" என்றாள் வள்ளிக்கண்ணு.
"ஊசி போதும்" என்றார் டாக்டர்.
முதலில் மாத்திரை.
அதையும் கொழுப்போடு சாப்பிடணுமாம்.
கறிக்கடைக்காரனுக்கு
கொழுப்பு சாப்பிடச் சொல்லி எழுதிக்கொடுத்த
முதல் சீட்டு.

மேஜையில் படுத்திருந்தேன், விழித்தபடி.
விலாவுக்கடியில் மட்டும் மரத்திருந்தது.
பக்கத்துத் தட்டில் தனியாக ஒரு ஊசிமருந்து.
"அது எதுக்கு?"
"உள்ள கசிஞ்சா உடம்பு கொந்தளிக்கும், அதுக்கு"
என்றாள் நர்ஸ் அடைக்கம்மை.
"கசியலன்னா குப்பைக்குப் போயிரும்."
அந்த மருந்து வீணாய்ப் போகவேண்டுமென்று
கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

"நல்ல ஈரலைக் கடந்துதான் போவேன்.
அது இறுக்கிப் பிடிச்சுக்கும், கசியவிடாது.
மூச்சை நிறுத்துங்க."
நிறுத்தினேன்.
அறுபடும்போது ஆடு
மூச்சை நிறுத்துமா என்று
அன்றைக்குத்தான் யோசித்தேன்.
வேறு வேலை இல்லை.

குழாயில் தண்ணீர் வந்தது.
சீழ் இல்லை, ரத்தம் இல்லை.
ஊருணியின் நடுவில் முகந்ததுபோல் தெளிவு.
இவ்வளவு நல்ல தண்ணீரா
என்னைத் தின்றுகொண்டிருந்தது?

"திரையைப் பாருங்க" என்றார்.
உள்சுவர் கழன்று மிதந்தது.
"அல்லி மாதிரி தெரியுதா? இதுதான் வேணும்."
அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.
எனக்கு அது
குடலிலிருந்து உரித்தெடுக்கும் சவ்வாகத் தெரிந்தது.
அல்லிதான் டாக்டர், என்றேன்.

பிறகு கெட்டி உப்புத்தண்ணீர் உள்ளே ஏற்றிக்
கால்மணி நேரம் காத்திருந்தார்கள்.
மாடியில் உப்புக்கண்டம் காயும்போது
வள்ளிக்கண்ணு வானத்தைப் பார்ப்பதுபோல்
டாக்டர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
உப்புக்கு எதுவும் தப்பாது, எனக்குத் தெரியும்.
எத்தனை தொடைக்குத் தேய்த்திருக்கிறேன்.
மறுபடி உறிஞ்சினார். ஊசியை எடுத்தார்.
துளையின் மேல் ஒரு சின்ன ஒட்டுப்பட்டை.
நான் பார்க்க
அடைக்கம்மை அந்த மருந்தைக் குப்பையில் போட்டாள்.

இன்னும் மாத்திரை ஓடுகிறது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.
கடையில் மூடிபோட்ட டின் ஒன்று வைத்திருக்கிறேன்;
வழுக்கும் துண்டு அதற்குள் போகும்,
ராத்திரி எரியும்.
நாய் முதல் வாரம் என்னைப் பார்த்தது,
இரண்டாம் வாரம் டின்னை.

அதற்கும் பூச்சி மாத்திரை கேட்டேன்.
"எடை என்ன?" என்றார் கால்நடை டாக்டர்.
கறித்தராசில் அதை எப்படி நிற்கவைப்பது?
தூக்கிக்கொண்டு
அரிசி மண்டித் தராசில் ஏறி நின்றேன்.
என் விலாவில் மூக்கை வைத்து
அசையாமல் கிடந்தது.
இறக்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி,
தனியாக ஒருமுறை ஏறினேன்.
மண்டிக்காரர் கழித்துச் சொன்னார்:
நாய் பதினாறரை கிலோ.
மீதி நான்.