ஒரு அரிசி அளவு

மோல்மீனில் ஆடி மழை
வாரக்கணக்கில் விடாது.
கொல்லைச் சாக்கடை ஓரம் நின்றபடி
"அப்பா, பலூன்!" என்று சிரித்தான் மகன்.
நுனித்தோல் உப்பி,
நூலாய் ஒழுகி, அடங்கியது.
ஐந்து வயது.
பள்ளியில் அவன் மௌங் சோ நாய்ங்.
வீட்டில் இளம்பரிதி.

பருப்புக் கிட்டங்கியில் என்னோடு எடை போடுபவன் சொன்னான்:
குளிக்க வைக்கும்போது பின்னால் தள்ளிவிடு,
எனக்கெல்லாம் அப்படித்தான்.
இன்னொருவன்: வெட்டிவிடு, தொல்லை விட்டது.
நான் முதலாமவனை நம்பினேன்.
ஒரே ஒரு முறை.

அன்று இரவு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
மூட்டை தூக்கும் கை இது.
ஒரு சொட்டு ரத்தத்தை
இறக்கி வைக்க இடமில்லை.

டாக்டர் டோ கின் சான் யீ பர்மியில் சொல்ல
குழலிக்கு நான் தமிழில் சொல்லவேண்டும்.
அந்த இடத்துக்கு
இரண்டு மொழியிலும் எனக்குத் தெரிந்தவை
வசவுகள் மட்டுமே.
"முன்தோல்" என்றாள் குழலி,
மளிகைச் சீட்டில் ஒரு சாமானைச் சேர்ப்பதுபோல.

ஒட்டியிருப்பது இந்த வயதில் நோயில்லை என்கிறார்.
தானாக விலகுமாம், சிலருக்குப் பத்து வயது தாண்டியும்.
இழுத்தால் கிழியும். கிழிந்தது தழும்பாகி
இன்னும் இறுகும்.
பலூனுக்குப் பயப்படவேண்டாம்.
சிவந்து வீங்கினால், சீழ் வந்தால் வரச்சொல்கிறார்.
நீர் பிரியாவிட்டாலோ,
பின்னால் போன தோல் திரும்பாமல் மாட்டிக்கொண்டாலோ
நடுச்சாமம் என்று பார்க்காமல் ஓடிவர வேண்டுமாம்.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன்
ஒரு கேள்வியைத் தவிர:
இழுத்தது யார்?

குழலிக்கு அவ்வளவு பர்மி வராது.
ஆனாலும் என் கையைப் பார்த்தாள்.

புண் ஆறியதும் களிம்பு,
காலை மாலை, ஆறு வாரம்,
இறுகிய வளையத்தில் மட்டும்,
ஒரு அரிசி அளவு.
சோப்பு வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.
தோல் எதுவரை வருமோ அதுவரை.

முதல் இரண்டு வாரம் அவன் என்னை அண்டவிடவில்லை.
டியூபின் மூடியைத் திறந்து தர மட்டும் அனுமதி.
திறந்து தந்தேன்.
மூடி வைத்தேன்.
மூன்றாவது வாரம், ஒரு மொஹிங்கா காலையில்,
அளவு சரியா என்று விரலை நீட்டிக் காட்டினான்.
கொஞ்சம் அதிகம் என்றேன்.
துடைத்துக் குறைத்தான்.

புரட்டாசியில் ஒருநாள்
"பலூன் போச்சுப்பா" என்றான்,
பொம்மையைத் தொலைத்தவன் குரலில்.
எவ்வளவு விலகியது என்று நான் பார்க்கவில்லை.
குளியலறைக் கதவை இப்போதெல்லாம்
அவனே சாத்திக்கொள்கிறான்.
தாழ்ப்பாள் எட்டாது.
வெளியே நின்று
நான் பிடித்துக்கொள்கிறேன்.