இன்று ரொக்கம்

லிஸ்பெத் வீட்டு நடையில்
இரண்டு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன.
கோட்டு மாட்ட வருகிறவர்கள்
ஏதாவதொரு பெடலில் முழங்கால் இடித்துக்கொண்டுதான்
உள்ளே போகிறார்கள்.

ஒன்றுக்கு இருபத்திரண்டு கியர்.
மற்றதற்கு,
முன்னால் நாற்பத்தாறு பல், பின்னால் பதினேழு,
நடுவே விட்டுக்கொடுக்காத ஒரு செயின்.
அவ்வளவுதான்.
சக்கரம் ஓடும்வரை கால் ஓட வேண்டும்.
தேரின் சக்கரத்தையும் கால் என்றே சொல்கிற மொழியில்
இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

கென்ட் துறைமுகத்தில் அவள் கிரேன் ஓட்டுகிறாள்.
பகல் முழுக்க இரு கைக்கும் நெம்புகோல்.
நிலக்கரி, சோயா, ஒருமுறை மஞ்சள் டிராக்டர்கள் பதினொன்று,
எல்லாம் விரலசைவில் மேலெழும்.
கால்கள் நாற்பது மீட்டர் உயரத்தில்
வேலையற்றுத் தொங்கும்.

“கியரை மாற்றும்போதெல்லாம்
வேலைக்கே திரும்பிப் போனமாதிரி இருக்கிறது”
என்றாள் யோரிஸிடம், ஓர் அக்டோபரில்.
தம்பி விட்டுப்போன பச்சைச் சைக்கிளை
அவன்தான் தூசு தட்டிக் கொடுத்தான்.
வாரநாளில் இது, ஞாயிற்றுக்கிழமை கியர் வண்டி.
எதற்கு மாற்றி மாற்றி?
யோரிஸுக்கும் தெரியவில்லை.
குளிர்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்,
என்றான்.

முதல் வாரம்.
கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில்
வழக்கம்போல் மிதிப்பதை நிறுத்தினாள்.
சைக்கிள் நிறுத்தவில்லை.
யாரோ கீழிருந்து உதைத்ததுபோல் எகிறி
டெர்னோஸன் போகும் சரக்குப் படகின் கூரையை
ஒரு கணம் முழுசாகப் பார்த்தாள்.
(கூரையில் யாரோ காயப்போட்ட
ஒற்றைக் காலுறை.)

பிறகு வடகாற்று.
கியர் வண்டியென்றால் இரண்டு பல் இறங்கிச்
சமாதானம் பேசலாம்.
இங்கே பேச்சுக்கே இடமில்லை.
மளிகைக்கடைக் கல்லாவுக்கு மேல் தொங்குமே ஒரு பலகை,
இன்று ரொக்கம் நாளை கடன்.
ஒவ்வொரு மீட்டருக்கும்
அங்கேயே எண்ணி வைத்துவிட்டு நகர வேண்டும்.
இறக்கத்திலும்
மீதிச் சில்லறை கிடையாது.

டிசம்பரில் தூக்குபாலம் திறக்கும் நேரங்களில்
கால் ஊன்றாமல் நிற்கப் பழகினாள்.
அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே,
சந்தேகப்படுகிற ஆளைப்போல.
முதலில் நான்கு நொடி.
பனி கொட்டிய ஒரு புதன்கிழமை
முழுப் படகொன்று கடந்துபோகும்வரை.
பாலக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
காபிக் கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

ஞாயிறுகளில் வேறு கூத்து.
இறக்கத்தில் குழு மொத்தமும் கால் ஓய்ந்து உருள,
பின்சக்கரங்கள் சில்வண்டாகக் கிறீச்சிட,
அவள் மட்டும் வெறுமையை மிதித்துக்கொண்டு வருவாள்.
“யாருக்கு மாவு அரைக்கிறாய்?”
என்பான் யோரிஸ்.
அவளுக்கே சிரிப்பு வரும்; கால்களுக்கு வராது.

மார்ச்.
கோப்பன்பெர்க், ஈரக் கருங்கல் ஏற்றம்.
போன ஆண்டு கியருக்குக் கியர் தாவித்தாவி
பாதியில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போன இடம்.
இப்போது ஒரே பல்லில், அவசரமில்லாமல்,
மிதி வட்டமாக விழுந்தது.
சரிவு செங்குத்தாகும் முன்பு
ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர்
திடீரென்று குறுக்கே நின்றுவிட்டார்.
பின்னால் வந்தவர்கள் காலெல்லாம் டக்டக்கென்று கல்லில் இறங்கின.
அவள் கால் இறங்கவில்லை.
அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே,
இரண்டு மூச்சு.
அவர் மன்னிப்புக் கேட்டு விலகினார்.
மிதித்தாள்.

உச்சிவரை போனாளா?
இல்லை. எழுபது மீட்டர் பாக்கி இருக்கையில்
பின்சக்கரம் வழுக்கி, வேலியோரச் சேற்றில் உட்கார்ந்தாள்.
அங்கிருந்து பார்க்க ஊர் நன்றாகத்தான் தெரிந்தது.

திங்கள், விடியாத நேரம்.
தூக்கக் கலக்கத்தில் கை எதை எடுத்தது என்று பார்க்கவில்லை.
பாலத்தின் ஏற்றத்தில்
விரல் போய் இல்லாத நெம்புகோலைத் தடவியது.

ஓ, நீயா, என்றாள்.

கால்களுக்கு அது
வாசலிலேயே தெரிந்திருந்தது.