ஏழாம் எண் புட்டி

பன்னேர்கட்டா சாலையில் மூன்று இடத்தில் மறித்தார்கள்.
"தண்ணி எடுக்கப் போறேன்."
"ஏன், வீட்டுல குழாய் இல்லையா?"
பெட்டியைத் திறந்து காட்டினேன்:
பன்னிரண்டு காலிப் புட்டி, ஐஸ், மார்க்கர்,
மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம்.

ஜிகணியில் ஷட்டர்கள் இறங்கியிருந்தன.
முலாம் பட்டறைகளின் பின்புறக் குழாய்
ஐந்து வாரமாய்ச் சொட்டவில்லை.
அதன் வாயில் ஒரு சிலந்தி
அட்வான்ஸ் கொடுக்காமல் குடியேறியிருந்தது.

ஆஞ்சினப்பாவின் போர்வெல் எண்ணூற்று நாற்பது அடி.
பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.
பிடித்தேன். எண் ஒன்று.
அந்த ஆழத்தில் இருப்பது
நான் பிறக்கும் முன் பெய்த மழையாக இருக்கலாம்.
ஊரடங்கு என்று அதற்கு
யார் இறங்கிப் போய்ச் சொல்வது?

மேட்டோரத்தில் பழைய கிணறு, முப்பதடி.
தண்ணீர் தெரியவில்லை.
ரோஜா தெரிந்தது.
கல்யாண மண்டபங்கள் பூட்டியபின்
வெட்டி வெட்டி அங்கேதான் கொட்டியிருக்கிறார்;
மேலே சிவப்பு, அடியில் பழுப்பு,
அதற்கும் அடியில் என்னவோ.
"செடிகிட்ட லாக்டவுன்னு சொல்ல முடியுமாம்மா?
பூக்குது. வெட்டலைன்னா செத்துடும்.
யூரியா போடலைன்னாலும் செத்துடும்."
கயிற்றில் புட்டியை இறக்கி
இதழ்களை விலக்கி மொண்டேன். எண் ஏழு.

நான் தடுப்பதற்குள் வாளியில் மிஞ்சியதை
உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார்.
"அந்தத் தகர ருசி போயிடுச்சு பாரு."
நான் தங்கவயல்காரி.
சயனைடு மேட்டின் நிழலில் வளர்ந்தவள்.
தண்ணீரை ருசி பார்த்து நம்புகிறவர்களைக் கண்டால்
எனக்கு அடிவயிறு இழுக்கும்.

ஆய்வகத்தில்
சானிடைசர் பட்ட கை மார்க்கரைத் துடைத்துவிட்டது.
ஏழா, ஒன்றா?
மூடியைத் திருகினேன்.
முகக்கவசத்தைத் தாண்டி வந்தது
அழுகிய ரோஜா.
ஏழு.

குரோமியம் மூன்றில் ஒரு பங்காகியிருந்தது.
மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்:
"பூமி மூச்சு விடுதுன்னு முதல் வரி போடுங்க, எஸ்தர்."
நைட்ரேட் இரண்டு மடங்கு.
அது நாலாம் பக்கத்து அட்டவணையில் இருக்கட்டும் என்றார்.
போர்வெல்லில் எந்த மாற்றமும் இல்லை.
அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆஞ்சினப்பாவை அழைத்தேன்.
முதலில் அந்த இருமல் ஒலித்தது,
கை கழுவச் சொன்னது,
பிறகு அவர்.
இரண்டு எண்ணையும் படித்தேன்.

ரொம்ப நேரம் பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.
"அப்போ அவங்களுது எறங்கி
என்னுது ஏறியிருக்கா?"

ஆமாம் என்பதற்கு
கன்னடத்திலும் தமிழிலும் எனக்குச் சொல் தெரியும்.

"சரி வைம்மா," என்றார்,
"நாளைக்கு ஷட்டர் தூக்குறாங்களாம்.
லாரி வருமான்னு பாக்கணும்,
பூ நிக்குது."