கூடுதலாக இரண்டு

பள்ளி வருகைப் பதிவேட்டுக்குப் பிறகு
உன் முழுப்பெயரை நேற்றுத்தான் பார்த்தேன்,
பெட்டியின் தகட்டில்:
ஹெப்சிபா செல்வமலர்.
யாரோ போல இருந்தாய், எப்சி.

கேத்தியில் நேற்றும் வேலைநாள்தான்.
பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரம் ஓடியது.
மத்தியான ரயில் தாமதமாய் வந்து
வளைவில் வழக்கம்போல் கூவியது.
நீ இருந்திருந்தால்
"மத்திமம், கொஞ்சம் ஜலதோஷத்தோடு" என்றிருப்பாய்.

ஊசிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம்
நீ அந்தப் பெஞ்சு, நான் எதிர்ப் பெஞ்சு.
தட்டில் விழும் ஓசையிலேயே
ஏழாம் நம்பரா ஒன்பதா என்று சொல்வாய்.
மேஸ்திரி பந்தயம் கட்டி மூன்று முறை தோற்றார்.
டீ வாங்கித் தந்தார், வடை இல்லாமல்.
ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி என்று
யாராவது பேசினால்
எந்த நம்பர் என்று கேட்பாய்.

கோயில்பிள்ளை முட்டிவலியில் படுத்த ஒரு ஞாயிறு
தற்காலிகமாகத்தான் கயிற்றைப் பிடித்தாய்.
முப்பத்தொன்பது வருஷம் விடவில்லை.
உறைபனி விழும் ஜனவரியில்
கயிறு கம்பியாய் விறைக்கும்.
உள்ளங்கையில் ஊதிக்கொண்டு இழுப்பாய்.
குளிரில் மணி ஒரு மயிரளவு சுருதி ஏறுகிறது என்பாய்.
எனக்கு மணி மணியாகத்தான் கேட்டது.

அந்தச் சுரத்துக்கு ஆர்மோனியத்தில் கட்டை இல்லை.
இரண்டு கட்டைகளுக்கு நடுவே
நகத்தை வைத்து, "இங்கே இருக்கிறது" என்று காட்டினாய்.
அங்கே தூசிதான் இருந்தது.

அடித்தது பாதி, அடங்குவது மீதி;
முழுக்க அடங்காமல் அடுத்ததுக்குக் கை போகக்கூடாது.
இது உன் சட்டம்.
பேச்சில் மட்டும் நீ அதைக் கடைப்பிடித்ததே இல்லை.

நான் ஹெத்தையம்மனைக் கும்பிடுகிறவள்.
என் மாமனார் சாவுக்கு வந்தவள்
அழுகிற பெண்களோடு உட்காராமல்
கொம்பு ஊதுகிறவர் பக்கத்திலேயே நின்றாய்,
வாய் லேசாய்த் திறந்திருக்க.
என் நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.
எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது எண்பத்தேழில்.
சீட்டுப் பணம், நானூறு ரூபாய்.
நீ பெஞ்சு மாறிப் போனாய்.
முதல் ஞாயிறு, முட்டைக்கோஸுக்கு நான் களையெடுக்கையில்
மணி அடித்து ஓய்ந்தது.
பிறகு, சற்றுத் தள்ளி, இரண்டு.
அடுத்த ஞாயிறும் இரண்டு.
மழையிலும், மூடுபனியில் கோபுரம் காணாமல் போன நாளிலும்.
ஒன்பது மாதம்.

சமாதானமான பிறகு ஒருநாள் கேட்டேன்.
"கயிறு வழுக்கியது" என்றாய்,
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

நேற்று போதகர் ஒரு காகிதத்தை நீட்டினார்.
உன் கையெழுத்து. என் பெயர்.
வயதுக்கு ஒன்றாய் அறுபத்தேழு.

முதல் ஐந்தும் எனக்குத் தெரியாத நீ.
மரியாதையாய் இழுத்தேன்.
ஆறில், முன்பல் இல்லாத வாயோடு வந்து உட்கார்ந்து
என் சிலேட்டுக் குச்சியைக் கடித்துத் தின்றாய்.
பதினாலில் கொயரில் சேர்ந்தாய்.
இருபத்தெட்டில் இந்தக் கயிறு.
முப்பத்தொன்று.
அதையும் இழுத்தேன்.
நாற்பதுக்கு மேல் வருஷங்கள் கலங்கிவிட்டன,
எண்ணிக்கை மட்டும் தப்பவில்லை.

ஒவ்வொன்றும் அடங்கக் காத்திருந்தேன்.
பள்ளத்தாக்கு அதைத் திருப்பிக் கொடுத்து,
அதுவும் அடங்கும்வரை.
அரைமணிக்கு மேல் ஆயிற்று.
தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

அறுபத்தேழு.

பிறகு, சற்றுத் தள்ளி, இரண்டு.

போதகர் நிமிர்ந்தார்.
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த உன் தம்பி
வெளியே வந்ததும் காதோரம் கேட்டான்:
"வயசைத் தப்பா எழுதிட்டோமா அக்கா?"

கயிறு வழுக்கிவிட்டது என்றேன்.

உள்ளங்கை இன்னும் எரிகிறது, எப்சி.
அந்த நானூறை நீதான் தர வேண்டும்.
இப்போதும் சொல்கிறேன்.